பழைய ஃபங்ஷனுக்கு விடை கொடுக்க: கமெண்டா, வார்னிங்கா, டெக்கரேட்டரா?

பல குழுக்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு பைத்தான் லைப்ரரியைச் சில வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் இப்போதைய நேரத்தைத் தரும் பழைய ஃபங்ஷன் ஒன்று இருந்தது. தருவது யுடிசி (உலகப் பொது நேரம்) நேரம்தான், ஆனால் அது யுடிசி என்ற குறிப்பு எதுவும் கூட வராது. வாங்கிக்கொள்கிற கோடு (புரோகிராம்) அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு மணிக்கணக்கில் பிசகிவிடும். பைத்தானின் சொந்த யுடிசிநவ் ஃபங்ஷனை 2023-ல் வந்த 3.12 பதிப்பில் டெப்ரிகேட் செய்ததும், அதாவது இனி இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்ததும், இதே குறைக்காகத்தான். எங்களிடம் மாற்று ஃபங்ஷன் தயாராக இருந்தது. பழையதை யாரும் புதிதாக எழுதாமல் தடுத்து, ஏற்கெனவே எழுதியவர்களையும் நகர்த்தி, கடைசியில் அழிக்க வேண்டும். அதை எந்த வழியில் செய்வது என்பதில்தான் நிறைய யோசித்தோம். நான் டெக்கரேட்டர் (ஃபங்ஷனுக்கு மேலே ஒட்டும் ஒரு வரிக் குறிப்பு) பக்கம் சாய்ந்தவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேரடியாக அழித்துவிடுவது ஒரு வழி. எல்லாக் கோடும் ஒரே ரிப்பாசிட்டரியில் இருந்து, எல்லா இடத்தையும் நீங்களே ஒரே கமிட்டில் மாற்ற முடிந்தால் அதுதான் சிறந்தது, டெப்ரிகேட் என்ற பேச்சே வேண்டாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

அடுத்தது கமெண்ட். ஃபங்ஷனுக்கு மேலே 'இதைப் பயன்படுத்தாதீர்கள், புதியதைப் பாருங்கள்' என்று ஒரு வரி. எழுத அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த வரியைப் படிக்கிறவர் அந்தக் கோப்பைத் திறந்தவர் மட்டும்தான், பெரும்பாலும் அது நானே. பழைய ஃபங்ஷனைக் கூப்பிடுகிறவர் எங்கள் கோப்பைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. கோ மொழியில் மட்டும் இது வேறு மாதிரி. அங்கே கமெண்டில் 'டெப்ரிகேட்டட்' என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் போட்டு ஒரு பத்தியைத் தொடங்கினால், எடிட்டரும் லிண்டரும் (கோடில் குறை தேடும் கருவி) அதைப் படித்துக் கூப்பிடுகிற இடத்திலேயே அடித்துக் காட்டும். ஐஓயுடில் பேக்கேஜை அப்படித்தான் ஓரம் கட்டினார்கள். அங்கே கமெண்ட் வேலை செய்வதற்குக் காரணம் அதைக் கருவிகள் படிப்பதுதான், மனிதர்கள் படிப்பதால் இல்லை.

இந்த முடிவில் எனக்கு எடை போட்டது ஒரே கேள்வி: எச்சரிக்கை யார் கண்ணில் படுகிறது? அந்த வரியை மாற்றக் கூடியவர், மாற்றக் கூடிய நேரத்தில், அதைப் பார்க்கிறாரா? செயல்வேகம், எழுதும் உழைப்பு, அழகு எல்லாம் இதற்கு அப்புறம்தான். பைத்தானிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. கலெக்‌ஷன்ஸ் மாட்யூலிலிருந்து நேராக மேப்பிங் போன்ற வகுப்புகளை இம்போர்ட் செய்யும் பழக்கம் 2012-ல் வந்த 3.3 பதிப்பிலேயே டெப்ரிகேட் ஆகிவிட்டது, ஆனால் ஆவணத்தில் மட்டும். கோடு ஓடும்போது வார்னிங் வரத் தொடங்கியது 2018-ல், 3.7 பதிப்பில். 2021-ல் 3.10 அதை அடியோடு நீக்கியபோது ஏகப்பட்ட பழைய பேக்கேஜ்கள் இம்போர்ட் வரியிலேயே விழுந்தன. ஒன்பது வருட அவகாசம் கிடைத்தும் செய்தி போய்ச் சேரவில்லை.

சரி, அப்படியானால் கோடு ஓடும்போதே வார்னிங் விடலாமே? நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். பழைய ஃபங்ஷனுக்குள் முதல் வரியில் டெப்ரிகேஷன்வார்னிங் வகையில் ஒரு வார்ன் அழைப்பு. இரண்டு மாதம் ஆகியும் யாரும் அசையவில்லை. காரணம் தேடிப் போனபோதுதான் இந்த வழியின் உள் விவரங்கள் எனக்குப் புரிந்தன. இந்த வகை வார்னிங்கைப் பைத்தான் 2.7, 3.2 காலத்திலிருந்தே இயல்பாக மறைத்துவிடுகிறது. 3.7 முதல் ஒரு தளர்வு வந்தது: நேரடியாக ஓட்டப்படும் முதன்மை ஸ்கிரிப்டிலிருந்து எழும் வார்னிங் மட்டும் காட்டப்படும். இறுதிப் பயனருக்கு நம் உள்வேலை தெரியத் தேவையில்லை என்ற அக்கறையில் எடுத்த முடிவு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் விளைவு, டெவலப்பருக்கும் தெரியாமல் போகிறது. பைடெஸ்ட் (டெஸ்ட்களை ஓட்டும் கருவி) ஓட்டினால் கடைசியில் தொகுத்துக் காட்டும், உண்மைதான், டெஸ்ட் பச்சையாக இருக்கும்போது அதற்குக் கீழே உள்ள பட்டியலை யார் நிதானமாகப் படிக்கிறார்கள்?

இதைவிட முக்கியமானது ஸ்டாக்லெவல், அதாவது வார்னிங் எந்த வரியைச் சுட்ட வேண்டும் என்று சொல்லும் எண். ஒரு குழுவில் ஒருவர் எல்லா வார்னிங்கையும் காட்டும்படி அமைத்துத் தன் சர்வீஸை ஓட்டிப் பார்த்தார். வந்தது ஒரே ஒரு வரி. அதில் இருந்தது எங்கள் லைப்ரரி கோப்பின் பெயரும், வார்ன் அழைப்பு இருந்த வரி எண்ணும். 'இது உங்கள் கோப்பு, நீங்கள்தானே சரிசெய்ய வேண்டும்' என்று எனக்கு அனுப்பினார். அவர் சொன்னதில் தவறே இல்லை. ஸ்டாக்லெவலைக் குறிப்பிடாவிட்டால் அது 1, அதாவது வார்ன் எழுதப்பட்ட வரியையே குற்றவாளியாகக் காட்டும். 2 என்று கொடுத்தால்தான் கூப்பிட்டவரின் வரி தெரியும். அதோடு முடியவில்லை. அவர் வைத்த 'டிஃபால்ட்' அமைப்பில் ஒரே இடத்திலிருந்து வரும் ஒரே வார்னிங்கைப் பைத்தான் ஒரு முறைதான் அச்சிடும், நாங்களோ எல்லா இடத்தையும் ஒரே இடமாக்கி வைத்திருந்தோம். அவருடைய கோடில் பழைய ஃபங்ஷனைக் கூப்பிட்ட இடங்கள் பதினொன்று. 2 என்று மாற்றிய அன்றே பதினொரு வரி எண்களும் தனித்தனியாக வந்தன, மறுநாள் அவர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். நடுவில் இன்னொரு உள் ஃபங்ஷன் நின்றால் 3, டெக்கரேட்டர் ஒன்று சுற்றியிருந்தால் கணக்கு மறுபடி மாறும். ஒவ்வொரு முறையும் கையால் எண்ண வேண்டிய சங்கதி இது.

இப்போது டெக்கரேட்டர். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-ல் வார்னிங்ஸ் மாட்யூலிலேயே டெப்ரிகேட்டட் என்ற டெக்கரேட்டர் இருக்கிறது. பழைய பதிப்புகளுக்கு டைப்பிங் எக்ஸ்டென்ஷன்ஸ் பேக்கேஜில் கிடைக்கும், நாங்கள் எடுத்துக்கொண்டது அதைத்தான். ஃபங்ஷனுக்கு மேலே ஒரு வரி, உள்ளே ஒரு செய்தி. ஃபங்ஷனைக் கூப்பிட்டால் வார்னிங்கும் எழும், கூப்பிட்டவரின் வரியைத்தான் சுட்டும், எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, கோடு ஓடுவதற்கு முன்பே எடிட்டரில் அந்தப் பெயர் நடுவே அடிக்கப்பட்டுத் தெரிவது. புதிதாக ஒருவர் பெயரைத் தட்டத் தொடங்கும்போதே பரிந்துரைப் பட்டியலில் அது அடிக்கப்பட்டுத் தெரியும், பக்கத்தில் நம் செய்தி. கை இன்னும் விசைப்பலகையில் இருக்கும்போதே, அந்த வரி கமிட் ஆவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. நாங்கள் போட்ட பிறகு பழைய ஃபங்ஷனைப் புதிதாகக் கூப்பிடும் ஒரு மாற்றம்கூட ரிவ்யூவுக்கு வரவில்லை. பில்டிலும் இது தெரிய வேண்டுமென்றால் மைபை போன்ற, கோடை ஓட்டாமலே சோதிக்கும் சரிபார்ப்பான்களில் இதைத் தனியாக இயக்கிவிட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

மற்ற மொழிகளில் இது இன்னும் முதிர்ந்த நிலையில் இருக்கிறது. கோட்லினில் மாற்றுக் கோடையே குறிப்போடு கொடுத்துவிடலாம், ஐடிஇ (கோடு எழுதும் எடிட்டர்) ஒரு தட்டில் மாற்றித் தரும். கடுமையையும் படிப்படியாக ஏற்றலாம்: முதலில் எச்சரிக்கை, அப்புறம் பிழை, அப்புறம் புதிய கோடுக்கே கண்ணில் படாமல் மறைப்பது. சி ஷார்ப்பில் அப்சொலீட் குறிப்புக்கு இரண்டாவது மதிப்பாக ட்ரூ கொடுத்தால் கம்பைலே ஆகாது. ஜாவாவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. தேதி வகுப்பின் பழைய கன்ஸ்ட்ரக்டர்கள் 1997-ன் 1.1 பதிப்பிலிருந்து டெப்ரிகேட் ஆகி இன்னும் இருக்கின்றன. 'வேண்டாம், ஆனால் இருக்கும்' என்பதற்கும் 'போகப் போகிறது' என்பதற்கும் ஒரே குறிப்பு இருந்ததால் யாரும் பொருட்படுத்தவில்லை. 2017-ல் ஜாவா 9 இரண்டையும் பிரித்தது: எந்தப் பதிப்பிலிருந்து என்று சொல்ல ஒரு புலம், நீக்கப் போகிறோம் என்று சொல்ல இன்னொன்று. சாதாரண குறிப்பானால் கம்பைலர் பொதுவாக ஒரு வரித் தகவலோடு நின்றுவிடும். நீக்கப் போவதாகச் சொன்னால் கேட்காமலே ஒவ்வொரு இடத்துக்கும் எச்சரிக்கை வரும். மறுபடியும் அதே கேள்விதான், யார் கண்ணில்.

அதனால் டெக்கரேட்டரின் செய்தியில் இரண்டு விஷயம் கட்டாயம் என்று வைத்துக்கொண்டோம்: மாற்று ஃபங்ஷனின் முழுப் பெயர், நீக்கப்படும் பதிப்பு எண். 'இது பழையது' என்று மட்டும் எழுதினால் படிக்கிறவர் அடுத்து என்ன செய்வார்?

குறைகளும் உண்டு. வார்னிங்கைப் பிழையாக எடுத்துக்கொள்ளும்படி பில்டை அமைத்திருக்கும் குழுவுக்கு, நீங்கள் ஒரு வரி சேர்த்ததும் பில்ட் உடையும். சின்ன ரிலீஸ் என்று நம்பி எடுத்தவருக்கு அது கோபத்தைத் தரும், எங்களுக்கு ஒரு குழுவிடம் அப்படி நடந்தது, முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். நான் இதை ஒரு நிறுவனத்துக்குள், கேட்டால் பதில் சொல்லும் ஆட்களோடு செய்து பார்த்தவன். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் பொது லைப்ரரியில் அவகாசமும் நிதானமும் இன்னும் அதிகம் வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பெயரைச் சரமாக (வெறும் எழுத்துகளாக) வைத்துக் கூப்பிடும் கோடை எடிட்டரோ சரிபார்ப்பானோ பார்க்காது. எங்கள் கடைசி அழைப்பு அப்படித்தான் ஒரு யாமல் கோப்புக்குள் (அமைப்புகளை எழுதும் கோப்பு) எழுத்துகளாக உட்கார்ந்திருந்தது. பைடெஸ்டில் டெப்ரிகேஷன் வார்னிங்கைப் பிழையாக்கி ஓட்டியபோது ஒரே ஒரு டெஸ்ட் சிவந்தது, அதைப் பிடித்துப் போனால் அந்த வரி. டெக்கரேட்டர் ஓடும்போதும் வார்னிங் விடுவதால்தான் அது சிக்கியது. அதை மாற்றி, இன்னும் ஒரு ரிலீஸ் காத்திருந்து, சொன்ன பதிப்பிலேயே ஃபங்ஷனை அழித்தோம். யாரிடமிருந்தும் புகார் வரவில்லை.