வளாக வேலைவாய்ப்பா, வெளித் தேடலா?

பொறியியல் மாணவர்களுக்கு மூன்றாம் ஆண்டிலேயே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: நிறுவனங்களை வளாகத்துக்கு வரவழைத்து வேலைக்கு ஆளெடுக்க வைக்கும் கல்லூரியின் பிளேஸ்மென்ட் பிரிவை நம்புவதா, வெளியே நாமே தேடுவதா?

பிளேஸ்மென்ட் பிரிவு இருந்தால் நிறுவனமே வாசலுக்கு வருகிறது; போட்டியும் பெரும்பாலும் சக மாணவர்களோடுதான். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனி மையம் இயங்குகிறது. மாதிரி நேர்காணல், சுயவிவரத் திருத்தம், முன்னாள் மாணவர் தொடர்பு ஆகியவற்றையும் இத்தகைய பிரிவுகளில் கேட்டுப் பெறலாம். வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இவை பெரும் துணை. நிறுவனம் வரும் வாரத்தில்தான் பலர் அந்த அறைக்குள் நுழைகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

குறையும் உண்டு. அரியர் (தேறாத பாடம்) இருந்தால் பல நிறுவனங்கள் தேர்வெழுதவே விடுவதில்லை. ஒரு வேலை கிடைத்ததும் அடுத்த நிறுவனத்துக்கு அனுமதி மறுக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன.

வெளித் தேடலில் கல்லூரியின் பெயர் அவ்வளவு குறுக்கே நிற்பதில்லை. ஆனால் பதில் வராத விண்ணப்பங்களும், பணம் கேட்கும் போலி முகவர்களும் இங்கே அதிகம்.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் மாணவர்களுக்குத் தரும் திறன் பயிற்சி இரு வழிக்கும் உதவும்.

என் பரிந்துரை: இரண்டாம் ஆண்டிலேயே பிளேஸ்மென்ட் பிரிவுக்குப் போகத் தொடங்குங்கள். வளாகத்துக்கு வருபவை பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களே என்பதால், சிவில், மெக்கானிக்கல் துறையிலேயே வேலை வேண்டுபவர்கள் வெளித் தேடலையும் கூடவே தொடங்கிவிடுவது நல்லது.