வட்டியில்லாக் கடன்தான் கனமான கடன்: வள்ளக்காரருக்கு நான்கு வாசல்கள்

வள்ளத்தின் இஞ்சின் கைவிட்டுவிட்டது. புதிது வாங்க ஒரு லட்சம் ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு சிறு மீனவர் தட்டக்கூடிய வாசல்கள் நான்கு: மீன் வியாபாரி, மைக்ரோ பைனான்ஸ், வங்கியின் கிசான் கடன் அட்டை, மீனவர் சங்கம். வட்டியை மட்டும் பார்த்தால் வியாபாரியை மிஞ்ச ஆளில்லை. அவர் வட்டியே கேட்பதில்லை. ஆனால் நால்வரில் அதிகம் பறிப்பவர் அவர்தான் என்பேன்.

வியாபாரி கொடுப்பதற்குக் கடன் என்று பெயர் கிடையாது, முன்பணம். பத்திரம் வேண்டாம், கேட்ட இரவே கையில் பணம். பதிலுக்கு ஒரே ஒரு வாக்கு: கரைக்கு வரும் மீன் அவர் வழியாகத்தான் போக வேண்டும். கணக்குப் பார்ப்போம். ஆண்டுக்கு நாலாயிரம் கிலோ மீன்பாடு. கிலோ நூறு ரூபாய். கட்டுப்பட்ட மீன் என்பதால் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து எடுத்தால் நாற்பதாயிரம் போயிற்று. மிச்சமுள்ள மூன்று லட்சத்து அறுபதாயிரத்தில் ஐந்து சதவீதம் கமிஷன் என்றால் இன்னொரு பதினெட்டாயிரம். ஆண்டு முடிவில் ஐம்பத்தெட்டாயிரம் கழிந்திருக்கும். ஒரு லட்சம் முன்பணம் ஒரு லட்சமாகவே நிற்கும். அதைத் திருப்பிக் கட்ட வந்தால் வியாபாரிக்குச் சந்தோஷம் இருக்காது. அவருக்கு வேண்டியது பணம் அல்ல, மீன்.

அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? கணவாய், இறால் போன்ற ஏற்றுமதிச் சரக்கில் அவருக்கும் மேலே ஏஜெண்ட் இருக்கிறார், ஏஜெண்டுக்கு மேலே ஏற்றுமதி நிறுவனம். முன்பணம் மேலிருந்து கீழே இறங்குகிறது. மீன் அதே படிகளில் மேலே ஏறுகிறது. உச்சியில் வாங்குகிறவர்கள் சிலர், கரையில் விற்கிறவர்கள் பல்லாயிரம் பேர். விலை எங்கே முடிவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதில் எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. செலவு போக மிஞ்சுவதை வள்ளக்காரரும் கூடப்போன தொழிலாளிகளும் பங்கு வைக்கிறார்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைந்தால், அந்தக் கடனில் ஒரு காசும் தொடாத தொழிலாளியின் பங்கும் குறைகிறது.

கடலோடு நிற்கும் கதையல்ல இது. பல்லடம் பக்கத்தில் கறிக்கோழி வளர்ப்பவருக்கு நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி கொடுக்கிறது. கொட்டகைக்கு வாங்கிய வங்கிக் கடன் மட்டும் விவசாயியின் தலையில். கடன் இவருடையது, சந்தை அவர்களுடையது.

மீனவர் சங்கம் இந்த முடிச்சை வேறு இடத்தில் போடுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்து மரியநாட்டில் அறுபதுகளின் பிற்பகுதியில் வேர்விட்ட முயற்சி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக (சிஃப்ஸ்) வளர்ந்தது. குமரிக் கரையிலும் பரவியது. இங்கும் மீனைச் சங்கத்தின் வழியாகத்தான் விற்க வேண்டும். அந்த வகையில் இதுவும் கட்டுத்தான். ஆனால் ஏலம் கரையில், எல்லார் கண்முன்னும் நடக்கிறது. எந்த வியாபாரியும் கேட்கலாம். விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு சிறு பங்கு சேமிப்புக்கு, இன்னொன்று சங்கச் செலவுக்குப் பிடிக்கப்படுகிறது. மேலே சொன்ன நாலு லட்சத்தில் பத்து சதவீதம் கடனுக்குப் போனால் நாற்பதாயிரம். வட்டி போக மீதி முழுவதும் அசலைக் கரைக்கிறது. மீன்பாடு இல்லாத நாளில் பிடித்தமும் இல்லை. கடலின் போக்கோடு ஒத்துப்போகும் தவணை இது. வியாபாரியின் கணக்கு அவர் சட்டைப்பையிலுள்ள குறிப்பேட்டில் இருக்கிறது. சங்கத்தின் கணக்கு மீனவர் கையிலுள்ள பாஸ்புக்கிலும் இருக்கிறது.

வங்கி அட்டைக்கு வருவோம். 2018-19 பட்ஜெட்டில்தான் கிசான் கடன் அட்டை மீனவர்களுக்கும் விரிந்தது. இரண்டு லட்சம் வரை ஏழு சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் நாலு சதவீதமாக இறங்கும். 2025 ஜனவரி முதல் இரண்டு லட்சம் வரை ஈடும் கேட்கக்கூடாது. வட்டி வாங்கும் மூன்று வாசல்களில் இதுதான் மலிவு. ஆனால் இது நடைமுறைச் செலவுக்கான கடன். டீசல், ஐஸ், கூலிக்கு உதவும், இஞ்சினுக்கு ஏற்றதல்ல. வள்ளத்தின் பதிவு, உரிமம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். மீனை எங்கும் விற்கலாம் என்ற சுதந்திரம் இதில் முழுமையாக உண்டு. டீசலுக்காகவே வியாபாரியிடம் போகிறவர்கள் முதலில் இதை வாங்கிவிட வேண்டும்.

மைக்ரோ பைனான்ஸ் கடைசி. 2022-இல் ரிசர்வ் வங்கி வட்டிக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டது. கடன் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் பெயரில். புயல் எச்சரிக்கை என்று பத்து நாள் வள்ளம் கரையில் கிடந்தாலும் தவணை நாள் நகராது. வசூல் அடாவடியைத் தடுக்கத் தமிழக அரசு 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆகவே இஞ்சினுக்குச் சங்கம், டீசலுக்கு வங்கி அட்டை. சங்கம் இல்லாத ஊரில் வியாபாரியைத் தவிர்க்க முடியாது என்றால், முன்பணத்தை இருவரிடம் பிரித்து வாங்குவது மேல். இருவரும் ஒரே விலைக்குள் பூட்டுவது கொஞ்சம் கடினம். சங்கத்திலும் ஒரு பெரிய குறை உண்டு. உறுப்பினர்கள் பெரும்பாலும் வள்ளக்காரர்கள். கூடப்போகும் தொழிலாளிக்கும், கூடையோடு ஏலத்தில் நிற்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும் அவசரத்துக்கு ஐயாயிரம் வேண்டுமென்றால், பல ஊர்களில் இன்னும் அதே வியாபாரியின் வாசல்தான்.