85,000 ரூபாய்க்கு மூட்டுவாதக் குதிரையை என் தலையில் கட்டிவிட்டார்கள்: மதுரைக்காரர்களே, எச்சரிக்கை!

குதிரை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை வெளியே எடுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது, வந்த குதிரையை எப்படிப் பராமரிப்பது என்று கடைசியில் சொல்கிறேன். 85,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிவந்த பெண்குதிரைக்கு இரண்டு முன்னங்கால் முழங்கால்களிலும் முற்றிய மூட்டுவாதம். நேற்றுதான் எக்ஸ்ரே எடுத்தோம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பழைய பொருட்கள் விற்கும் செயலி ஒன்றில் விளம்பரம் வந்திருந்தது. ஐந்து வயதாம், சவாரிக்குப் பழகியதாம், குழந்தைகளும் ஏறலாமாம். மேலூர் சாலையில் ஒரு தோப்புக்கு வரச் சொன்னார்கள். விற்றவர் கழுத்தையும் நெற்றியையும் தடவி ஒவ்வொரு சுழியாகக் காட்டினார். "சுழி சுத்தம் அண்ணே, வீட்டுக்கு லட்சுமி" என்றார். பிறகு தன் மகளைக் கூப்பிட்டுக் குதிரைமேல் ஏற்றித் தோப்பைச் சுற்றிவரச் செய்தார். ஓர் அடிகூடப் பிசகவில்லை. பாண்டி கோயில் திசையில் கும்பிட்டு, "முனி மேல் சத்தியம், ஒரு நோய்நொடி கிடையாது" என்றார். பெற்ற பெண்ணையே ஏற்றிக் காட்டுகிற தகப்பனை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேயே 85,000 ரூபாயும் கைமாறியது.

வாரம் முடிவதற்குள் சாயம் வெளுத்தது. காலையில் கொட்டிலுக்குப் போனால் முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றி நிற்கும். முழங்காலைத் தொட்டால் காதைப் பின்னால் மடக்கிக்கொள்ளும். நடத்தினால், அதிகம் வலிக்கிற வலது கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்கும். கால்நடை மருத்துவர் அந்தக் காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து, விட்டவுடன் ஓடச் செய்தார். அப்பட்டமாக நொண்டியது. பல்லைப் பார்த்தார். மேல்வரிசை முன்பற்களில் ஓரப்பல்லில் 10 வயதையொட்டித் தெரியத் தொடங்கும் பள்ளக்கோடு பாதிப் பல்வரை இறங்கியிருந்தது. ஏறக்குறைய 15 வயது! வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு, நாங்கள் போவதற்கு முன்பே நடத்திக் காலை இளக வைத்திருப்பார்கள் என்றார். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது.

விற்றவரை அழைத்தேன். "புது இடம் அண்ணே, பழகிவிடும்." மறுபடி அழைத்தபோது லாடம் அடித்தவர்மேல் பழி, நான் வைத்த கொள்ளின்மேல் பழி. எக்ஸ்ரே இருக்கிறது என்றதும் குரல் மாறியது. "விற்றதைத் திரும்ப வாங்குவதில்லை சார்." அதன்பின் என் எண்ணையே தடை செய்துவிட்டார். செயலிக்காரர்களோ, வாங்கியவரும் விற்றவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே பதிலைத் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்கள். 85,000 ரூபாய் அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. நேற்றிரவு அதே செயலியில் பார்க்கிறேன்: அதே தோப்பு, அதே சிறுமி, வேறொரு குதிரை. அதற்கும் ஐந்து வயதாம்! இதற்காகத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

இந்த வாயில்லா ஜீவனை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிடும் பயிற்சியை நிறுத்திவிட்டோம். வட்டத்தில் திரும்பத் திரும்ப மூட்டுக்குப் பாரம் கூடும். கட்டியே போட்டாலும் மூட்டு இறுகிவிடும் என்பதால் காலையும் மாலையும் மண்தரையில் நேராக நடத்துகிறோம். படுக்க வைக்கோல் கனமாகப் பரப்புகிறோம். எடை ஏறக்கூடாது, 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் வலி மருந்தை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய், கொட்டிலிலிருந்து முதல் அடி எடுத்து வைப்பதைப் பாருங்கள். கெட்டியான தரையில் ஓடவிட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த மருத்துவரைக் கூட்டிப்போய்ப் பல்லையும் காலையும் காட்டுங்கள். வலி மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க அன்றே இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். வயதையும் கால் நலத்தையும் ரசீதில் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் பணத்தோடு திரும்பிவிடுங்கள்.