மீட்டிங் கவுன்ட்டவுன் டைமர்: எதில் கட்டினால் நாலு பேருக்கும் வேலை இருக்கும்?

மினி புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கொடுங்கள் என்றால், எந்த பேட்ச்சிலும் ஒரு டீமாவது ‘மீட்டிங் டைமர்’ என்று எழுதிக் கொடுத்துவிடும். தலைப்பைப் பரிசீலிக்கும் ஜீரோத் ரிவ்யூவில் கைடு (வழிகாட்டும் ஆசிரியர்) கேட்கும் முதல் கேள்வியும் அநேகமாக ஒன்றுதான்: “இதுல என்னப்பா இருக்கு? போன்லயே இருக்கே!” நியாயமான கேள்வி. டைமரை எதில் கட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதற்குப் பதில் இருக்கிறது. டெஸ்க்டாப், பிரவுசர், ஆண்ட்ராய்டு, ஆர்டுயினோ (நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு) என்று நாலு வழியும் மாணவர்களிடையே புழக்கத்தில் இருக்கின்றன. நாலிலும் 30:00-இலிருந்து 00:00 வரை எண் இறங்கும். எது எங்கே உடையும், எதில் நாலு பேருக்கும் வேலை கிடைக்கும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதற்கு முன், யாருடைய மீட்டிங் என்று தெரிய வேண்டும். ஸ்க்ரம் முறையில் சாஃப்ட்வேர் கட்டும் டீமின் தினசரிக் கூட்டத்துக்கு 15 நிமிட வரம்பு. ஒரே கணக்கு, ஒரே மணி. மேடைப் பேச்சுப் பயிற்சிக்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் 5 முதல் 7 நிமிடப் பேச்சு என்றால் 5-இல் பச்சை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு விளக்கு. போட்டியில் ஏழரை நிமிடத்தைத் தாண்டினால் தகுதி போய்விடும். டிபார்ட்மென்ட் மீட்டிங்கில் அஜெண்டாவில் ஆறேழு பொருள், ஒவ்வொன்றுக்கும் தனி நேரம், நடுவில் ஹெச்ஓடி “இன்னொரு அஞ்சு நிமிஷம் குடுங்க” என்பார். எல்லோரும் ஒரே திரையைப் பார்க்கிறார்களா, ஆளுக்கொரு லேப்டாப்பில் இருக்கிறார்களா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே நாலு வழியில் இரண்டு தானாகக் கழன்றுவிடும்.

டெஸ்க்டாப்: சீக்கிரம் முடிந்துவிடும்

பைத்தான் தெரிந்த டீம், விண்டோவும் பட்டனும் கட்ட உதவும் டிகின்டரில் ஆரம்பிக்கும். முதல் நாளே நிரலைக் காக்க வைக்கும் ‘டைம்.ஸ்லீப்’ போட்டு, விண்டோ உறைந்து, ஸ்டாப் பட்டன் வேலை செய்யாமல் போகும். இத்தனை நேரம் கழித்து இதைச் செய் என்று சொல்லும் ‘ஆஃப்டர்’ என்ற முறைக்கு மாறினால் சரியாகிவிடும். ஜாவாவில் விண்டோ கட்டும் ஸ்விங்கிலும் இதே கதைதான்: அங்கே ஸ்விங்கின் சொந்த டைமரைத்தான் பயன்படுத்த வேண்டும், யூட்டில் பேக்கேஜில் இருக்கும் டைமர் வேறு த்ரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் தனி வேலை) ஓடுவதால், அதிலிருந்து லேபிளை நேரடியாக மாற்றினால் எப்போதாவது ஒருமுறை விசித்திரமாக நடந்துகொள்ளும்.

நெட் வேண்டாம், ஹோஸ்டிங் வேண்டாம், டெமோ அன்று சொதப்ப வாய்ப்புக் குறைவு. ஆனால் ஒருவர் ஒரு வார இறுதியில் முடித்துவிடுவார். மீதி மூன்று பேர் ரிப்போர்ட் அடிப்பார்கள், விவாவில் மாட்டுவார்கள். தனியாள் லேப் எக்ஸர்சைஸுக்கு இது போதும். டீம் புராஜெக்ட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பிரவுசர், ஒரே திரை

ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். இதை எளிது என்று நினைத்துத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். ‘செட்இன்டர்வல்’ போட்டு, நொடிக்கு ஒருமுறை, மிச்ச நொடிகளை வைத்திருக்கும் மாறியிலிருந்து ஒன்றைக் கழிப்பது வழக்கம். திரையில் பார்த்துக்கொண்டே இருக்கும்வரை அது சரியாகத்தான் ஓடும்.

டேபை மாற்றியதும் கதை மாறும். மறைந்த டேபில் டைமர்களை அடிக்கடி ஓடவிட்டால் பேட்டரி வீணாகும் என்பதால் பிரவுசர்கள் கடிவாளம் போடுகின்றன. 2021-இல் வந்த குரோம் 88-இலிருந்து கெடுபிடி இன்னும் அதிகம்: ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும், சத்தம் எதுவும் எழுப்பாத பக்கத்தில் இப்படித் திரும்பத் திரும்ப ஓடும் டைமர் நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நிமிட டைமரைத் தட்டிவிட்டு உடனே பிபிடி டேபுக்குப் போய்விட்டீர்கள். முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காகக் குறையும், 25:00. அடுத்த 25 நிமிடத்தில் நிமிடத்துக்கு ஒரு நொடி வீதம் வெறும் 25 நொடிதான் குறையும். மீட்டிங் முடிய வேண்டிய நேரத்தில் டேபைத் திறந்தால் 24:35 என்று நிதானமாக நிற்கும்.

இதற்கு மருந்து, எண்ணிக் கழிப்பதை விட்டுவிடுவது. ஸ்டார்ட் அழுத்தியதும் முடியும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திரையைப் புதுப்பிக்கும்போதும் அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்துக் காட்டுங்கள். பிரவுசர் எவ்வளவு நேரம் தூங்கினாலும், எழுந்ததும் சரியான எண் வரும். ஆனால் மணி அடிப்பது தாமதமாகும் என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு, பக்கத்தின் பின்னணியில் தனியாக ஓடும் வெப் வொர்க்கரில் டைமரை வைப்பது நல்லது, அங்கே இந்தக் கெடுபிடி இல்லை.

ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. மிச்சம் 29 நிமிடம் 59.98 நொடி என்று இருக்கும்போது கீழ்நோக்கி முழுமையாக்கினால் 29:59 என்று வரும். 30:00 என்ற எண்ணை யாருமே பார்க்க முடியாது. கடைசியில் 00:00 தெரிந்து ஒரு முழு நொடி கழித்துத்தான் மணி அடிக்கும். மேல்நோக்கி முழுமையாக்குங்கள், இரண்டும் சரியாகிவிடும். டோஸ்ட்மாஸ்டர்ஸ் பாணியில் ஏறுமுகமாக எண்ணினால் மட்டும் கீழ்நோக்கி.

பிரவுசர், பல திரை

கூகுள் மீட்டில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேருக்கும் ஒரே எண் தெரிய வேண்டும். புராஜெக்ட் என்று சொல்லத்தக்க வேலை இங்கேதான் தொடங்குகிறது. போனில் இருக்கும் டைமர் இதைச் செய்யாது.

பெரும்பாலான டீம்கள் முதலில் சர்வரை நொடிக்கு ஒருமுறை மிச்ச நேரத்தை அனுப்பச் சொல்லும். 40 பேர், 30 நிமிடம் என்றால் 72,000 செய்திகள். ஒருவருடைய வைஃபை திக்கினால் அவருடைய எண்ணும் திக்கும். அதற்குப் பதில் முடியும் நேரத்தை ஒருமுறை அனுப்பினால் போதும். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தைப் போட்டுவிட்டால், ‘இன்னும் இத்தனை நிமிடம்’ என்று வீடு வீடாகப் போன் போட வேண்டியதில்லையே.

ஆனால் அந்த வீட்டுக் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். கல்லூரி லேப் கணினிகளில் இரண்டு மூன்று நிமிடம் முன்னே பின்னே ஓடுவது சகஜம். 1989-இல் ஃப்ளாவியு கிறிஸ்டியன் விவரித்த முறை இதற்குப் போதும்: சர்வரிடம் மணி கேளுங்கள், கேட்டதற்கும் பதில் வந்ததற்கும் இடையே 240 மில்லிநொடி ஆனால், பாதியான 120-ஐ சர்வர் சொன்ன நேரத்தோடு கூட்டுங்கள். உங்கள் கடிகாரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில முறை கேட்டு, மிகக் குறைந்த நேரத்தில் வந்த பதிலை எடுத்துக்கொண்டால் பிழை இன்னும் குறையும். பத்து வரிக் கோடு (நிரல்). விவாவில் கேள்வி கேட்பவரே நிமிர்ந்து உட்காருவார்.

இதைக் கட்ட இரண்டு பாதை: ஃபயர்பேஸ் (கூகுளின் ஆயத்தச் சேவை), அல்லது சொந்த வெப்சாக்கெட் சர்வர் (பிரவுசரோடு இணைப்பைத் திறந்தே வைத்துச் செய்தி அனுப்புவது).

ஃபயர்பேஸின் ரியல்டைம் டேட்டாபேஸ் இலவசத் திட்டத்தில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகள் வரை தாங்கும்; கல்லூரி மீட்டிங்குக்குத் தாராளம். சர்வர் நேர வித்தியாசத்தை அதுவே கணக்கிட்டுக் கையில் கொடுத்துவிடும், கிறிஸ்டியனைத் தொடவே வேண்டாம். சர்வரை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலையும் இல்லை. ஒரு பொறி மட்டும் உண்டு. அவசரத்தில் எல்லோரும் ‘டெஸ்ட் மோட்’ என்று தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அந்த அனுமதி 30 நாளில் காலாவதியாகிவிடும். முதல் ரிவ்யூவில் பளபளவென்று ஓடியது, இரண்டாவது ரிவ்யூவில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று நிற்கும். கோடில் யாரும் கை வைக்கவில்லையே என்று ராத்திரி முழுக்கத் தேடுவார்கள்.

சொந்த சர்வர் என்றால் ஜாவாஸ்கிரிப்ட்டில் நோட், அல்லது பைத்தானில் ஃப்ளாஸ்க்கோடு சாக்கெட்ஐஓ. சர்வரை இணையத்தில் ஓட்டித் தரும் ஹெரோகு தன் இலவசச் சேவையை 2022 நவம்பரில் நிறுத்திய பிறகு மாணவர்கள் பலர் ரெண்டர் பக்கம் போனார்கள். அதன் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் சர்வர் தூங்கிவிடும். எழ ஒரு நிமிடம் வரை ஆகும். நினைவகத்தில் மட்டும் வைத்திருந்த டைமர்களும் போய்விடும். டெமோவுக்கு ஐந்து நிமிடம் முன்பே ஒருவர் லிங்கைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கல்லூரி வைஃபையில் ஃபயர்வால் வெப்சாக்கெட்டைத் தடுத்தால் மொபைல் ஹாட்ஸ்பாட்தான் கதி.

இவ்வளவு தொல்லை இருந்தும், நாலு பேர் உருப்படியாகக் கற்றுக்கொள்வது சொந்த சர்வரில்தான். உதாரணத்துக்கு, டைமரை நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டன். முடியும் நேரம் மட்டும் இருந்தால் நிறுத்தி வைக்க முடியாது. ஓடுகிறதா, முடியும் நேரம் என்ன, நிறுத்தியபோது மிச்சம் எவ்வளவு என்று மூன்றையும் வைத்துக்கொண்டு, மறுபடி ஓட்டும்போது புதிய முடிவு நேரத்தைக் கணக்கிட வேண்டும். அடுத்தது, இரண்டு பேர் ஒரே கணத்தில் ‘+1 நிமிடம்’ அழுத்துவது. இருவர் திரையிலும் 10:00. இருவரும் ‘11:00 ஆக்கு’ என்று அனுப்பினால் ஒரு நிமிடம் காணாமல் போகும். ‘60 நொடி கூட்டு’ என்று கட்டளையாக அனுப்பினால் 12:00 வரும். ஃபயர்பேஸிலும் டிரான்ஸாக்ஷன் (மாற்றங்கள் ஒன்றையொன்று அழிக்காமல் பார்த்துக்கொள்ளும் வசதி) வைத்து இதைச் செய்யலாம், ஆனால் அது எதற்கு என்று புரிவது சொந்தமாக ஒருமுறை எழுதிப் பார்க்கும்போதுதான்.

சத்தம் இன்னொரு தலைவலி. 2018-இல் குரோம் 66 வந்ததிலிருந்து, பயனர் பக்கத்தை ஒருமுறையாவது தொடாமல் ஒலி வராது. தலைவர் ஸ்டார்ட் அழுத்தியதால் அவர் லேப்டாப்பில் மணி அடிக்கும். சும்மா பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களிடம் அடிக்காது. உள்ளே நுழையும்போதே ‘சேர்’ என்று ஒரு பட்டனை வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஆண்ட்ராய்டு, ஆர்டுயினோ

ஆண்ட்ராய்டை நான் ஒதுக்கிவிடுவேன். ‘கவுன்ட்டவுன்டைமர்’ வகுப்பு கையிலேயே இருக்கிறது. ஆனால் போனைக் கிடைமட்டமாகத் திருப்பினாலே திரை புதிதாக உருவாகி, எண் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆண்ட்ராய்டு 6-இல் வந்த டோஸ் (சும்மா கிடக்கும் போனில் பின்னணி வேலைகளை அடக்கும் பேட்டரிச் சேமிப்பு), 12-இல் வந்த துல்லிய அலாரம் அனுமதி, 13-இல் வந்த நோட்டிஃபிகேஷன் அனுமதி என்று ஒவ்வொரு பதிப்போடும் மல்லுக்கட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஐபோன் வைத்திருப்பவர் மீட்டிங்குக்கு வெளியே. மொபைல் டெவலப்மென்ட்தான் பாடம் என்றால் மட்டும் எடுங்கள்.

ஆர்டுயினோ வேறு ரகம். எலக்ட்ரானிக்ஸ் (இசிஇ) படிக்கும் நண்பர் டீமில் இருந்தால் இதைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு ஊனோ (ஆர்டுயினோ போர்டில் ஒரு வகை), டிஎம்1637 சிப் வைத்த நாலு இலக்க டிஸ்ப்ளே, மூன்று எல்இடி, ஒரு பஸர். டோஸ்ட்மாஸ்டர்ஸ் மேசைக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி கிடையாது. லாகின் இல்லை, டேப் இல்லை, பேசுபவர் கண் முன்னால் விளக்கு எரியும். ‘டிலே’ போட்டால் டிகின்டரில் பார்த்த அதே உறைதல்; ஓடத் தொடங்கி எத்தனை மில்லிநொடி ஆனது என்று சொல்லும் ‘மில்லிஸ்’ வைத்து எழுத வேண்டும். ஊனோ நேரத்தை எண்ண நம்பியிருக்கும் செராமிக் ரெசனேட்டர் அரை சதவீதம் வரை விலகலாம், 30 நிமிடத்துக்கு 9 நொடி. டிஎஸ்3231 கடிகார மாட்யூலைச் சேர்த்தால் விலகல் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். குறை என்னவென்றால், அஜெண்டாவை மாற்ற மூன்று பட்டனோடு போராட வேண்டும், தூரத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது.

நான் எதை எடுப்பேன்

பல திரை பிரவுசர் டைமர், சொந்த வெப்சாக்கெட் சர்வர். ஒரு செமஸ்டருக்குள் மற்ற பேப்பர்களும் நெரிக்கின்றன, டீமில் இரண்டு பேர்தான் உண்மையில் கோடு எழுதுவார்கள் என்றால் ஃபயர்பேஸ். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலைப் பங்கீடும் இதில் இயல்பாக விழும். ஒருவர் சர்வரும் கடிகார ஒத்திசைவும். ஒருவர் திரை: எண்கள் குதிக்காமல் இருக்க ஒரே அகல இலக்கங்கள், சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்காக நிறத்தோடு எழுத்தும். ஒருவர் அஜெண்டாவும் யாருக்கு எந்த பட்டன் என்ற அனுமதியும். நாலாமவர் டெஸ்டிங், அதை எளிய வேலை என்று எண்ண வேண்டாம். ‘இப்போது மணி என்ன’ என்பதைத் தனி ஃபங்ஷனாக ஆரம்பத்திலேயே பிரித்து வைத்தால், டெஸ்டில் போலிக் கடிகாரம் கொடுத்து 30 நிமிட மீட்டிங்கை ஒரு நொடிக்குள் ஓட்டிப் பார்க்கலாம். பிறகு நிஜத்தில்: ஒரு லேப்டாப்பின் நேரத்தை மூன்று நிமிடம் தள்ளி வைப்பது, நடுவில் மூடித் திறப்பது, வைஃபையை அணைத்துப் போடுவது, டேபைப் பத்து நிமிடம் மறைத்து வைப்பது. இந்த நாலின் முடிவுகளையும் ரிப்போர்ட்டில் அட்டவணையாகப் போடுங்கள். இரண்டாவது ரிவ்யூவுக்குப் பிறகும் நேரம் மிஞ்சினால், வைஃபை உள்ள ஒரு ஈஎஸ்பி32 போர்டை அதே சர்வரோடு இணைத்து மூன்று எல்இடியை எரியவிடலாம். முடியும் நேரம் ஏற்கெனவே சர்வரில் இருப்பதால் கூடுதல் வேலை கொஞ்சம்தான்.