தோற்ற வாரத்தில் ஒரு வலைப் பயிற்சி நிலையம்

பாடசாலைக் கிரிக்கெட் வீரர்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கும் நிலையங்கள் யாழ்ப்பாணத்தில் பெருகிவிட்டன. தம்மிடம் பயின்றவர்கள் அடித்த சதங்களையும் வீழ்த்திய விக்கெட்டுகளையும் அவை பதாகைகளில் போடுகின்றனவே தவிர, தோற்றுத் திரும்பும் பிள்ளையை அடுத்த நாள் எப்படி நடத்துவோம் என்பதை எந்தப் பதாகையும் சொல்வதில்லை. கொக்குவில் பக்கத்தில் உள்ள இந்த நிலையத்தில் என் அக்காவின் மகன் கடினப் பந்துப் பயிற்சி பெறுகிறான். அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குபவன் நான் என்பதால், பயிற்சி முடியும்வரை வேலியோரம் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்கு நிறையவே கிடைத்தது. நிலையத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால், அங்கே பயிலும் பையன்களில் யார் எந்தப் போட்டியில் பிடியைத் தவறவிட்டான் என்பதை நம் ஊரார் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயரில்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று கேட்பவர்கள், தங்கள் பிள்ளையைச் சேர்க்கப் போகும் இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று அறிவதற்காக வாசிக்கலாம்.

வசதிகள் நடுத்தரமானவை. வலைகள் நல்லவை; தரை விரிப்பு இரண்டு இடங்களில் தேய்ந்துபோயிருப்பதால் பந்து எதிர்பாராமல் தாழ்ந்து வருகிறது; பந்து வீசும் இயந்திரம் மின்சாரம் நின்றால் தானும் நிற்கிறது. கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை.

இந்த நிலையத்தின் சிறப்பு பாடசாலைகளின் பெரும்போட்டிகள் நடக்கும் மார்ச் மாதத்தில்தான் தெரிகிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் புனித யோவான் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெருஞ்சமர் என்ற கிரிக்கெட் போட்டி 1904 முதல் நடந்து வருகிறது. புனித பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் போட்டி, யாழ்ப்பாணம் இந்துவும் கொக்குவில் இந்துவும் மோதும் போட்டி என்று மற்றவையும் உண்டு. பாண்ட் வாத்தியமும் கொடிகளும் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் பழைய மாணவர்களுமாக ஊரே திரளும் அந்த மைதானத்தில், பத்தொன்பது வயது நிரம்பாத பையன் ஒருவன் முதற்பந்திலேயே ஆட்டமிழந்தால், ஒரு நூற்றாண்டுப் பெருமையையே அவன் தனியாளாகக் கெடுத்துவிட்டதுபோல் பேசுகிறோம். அவன் அதே வருடம் உயர்தரப் பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருக்கும் மாணவன் என்பது அப்போது ஒருவருக்கும் நினைவு வருவதில்லை.

அப்படிப்பட்ட ஒரு தோல்விக்குப் பிந்திய முதற்பயிற்சியை நான் பார்த்தேன். தலைமைப் பயிற்றுநர் பையன்களை வரிசையில் நிறுத்திப் பேசவில்லை. போட்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பூச்சியத்துக்கு ஆட்டமிழந்தவனை வழக்கமான அதே இடத்தில், வழக்கமான அதே வரிசையில் துடுப்பெடுத்தாட விட்டார். ஆறுதல் என்ற பெயரில் முதுகில் தட்டிக்கொண்டே இருப்பதும் பிள்ளைக்கு ஒரு தண்டனைதான் என்பதை அவர் அறிந்திருக்கிறார். பெற்றோருக்கும் உறவினருக்கும் அன்று வாசலுக்கு உள்ளே அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே நின்றபடி மகனின் கால் நகர்வைப் பற்றிச் சத்தமாகக் கருத்துச் சொன்ன ஒரு தகப்பனாரை, உதவிப் பயிற்றுநர் ஒருவர் "ஐயா, வாங்கோ, ஒரு பிளேன்ரீ குடிப்பம்" என்று பக்குவமாக அழைத்துக்கொண்டு போனார்.

தவறைப் பார்க்காமல் விடுவதில்லை. பார்ப்பதற்கான நேரத்தைப் பையனே தெரிவு செய்யலாம் என்பதுதான் இங்குள்ள முறை. போட்டியின் காணொளி பயிற்றுநரின் மடிக்கணினியில் இருக்கும். பையன் கேட்கும்போது இருவரும் தனியாக உட்கார்ந்து பார்ப்பார்கள், மற்றவர்களுக்கு அது காட்டப்படாது. என் மருமகன் கேட்பதற்குச் சில நாட்கள் ஆயின. கேட்ட பிறகு நடந்த திருத்தம் கடுமையாகவே இருந்தது. ஒரே அடியை இருட்டும்வரை திரும்பத் திரும்ப ஆட வைத்தார்கள். இதில் நல்ல கணக்கு இருப்பதாகவே நான் நினைக்கிறேன். மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்தை ஆடுவதற்குத் துடுப்பாட்ட வீரருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை விநாடி. அந்த அரை விநாடியில் பாதியை, ஆட்டமிழந்தால் யார் என்ன சொல்வார்கள் என்ற பயம் எடுத்துக்கொண்டால், எந்தத் தொழில்நுட்பமும் கைகொடுக்காது. ஆகையால் இங்கே காட்டப்படும் கருணையைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே நான் கணக்கில் எடுக்கிறேன். கொடுக்கும் கட்டணத்தில் பெரும்பகுதி அதற்கே உரியது என்பேன்.

உடை மாற்றும் அறையின் சுவரில் 0, 0, 0, 1, 0, 0 என்று ஆறு எண்கள் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. மாவன் அத்தப்பத்து 1990இல் டெஸ்ட் போட்டிகளில் அறிமுகமானபின் ஆடிய முதல் ஆறு இன்னிங்ஸ்களின் ஓட்டங்கள் அவை. பின்னர் அவர் ஆறு இரட்டைச் சதங்கள் உட்பட 5502 டெஸ்ட் ஓட்டங்கள் எடுத்தார், இலங்கை அணிக்குத் தலைமையும் தாங்கினார். அந்தப் பிந்திய கணக்கைச் சுவரில் எழுதாமல் விட்டிருப்பது எனக்குப் பிடித்தது. புதிதாக வரும் பையன் யாருடைய எண்கள் என்று கேட்கிறான், மூத்தவன் ஒருவன் சொல்கிறான். பெரியவர்கள் யாரும் இடையில் புகுந்து உபதேசிக்க வேண்டியிருப்பதில்லை.

குறைகளும் உண்டு. இந்த அக்கறை முழுவதும் ஓட்ட அட்டையில் பெயர் வந்த பையன்களுக்கே கிடைக்கிறது. பதினொருவரில் இடம் கிடைக்காமல் மூன்று நாளும் தண்ணீர்ப் போத்தல் சுமந்தவனிடம் அந்த வாரத்தில் யாரும் தனியாகப் பேசியதாக நான் காணவில்லை. நாணயச் சுழற்சியில் வென்றும் தவறான முடிவெடுத்ததாக ஏச்சு வாங்கிய அணித்தலைவனுக்குப் போட்டுக் காட்டுவதற்குக் காணொளி எதுவும் இல்லை. அவனுடைய சுமை வேறு விதமானது, அதற்கென்று இங்கே ஒரு வழி இன்னும் வகுக்கப்படவில்லை. நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரும் மெய்வல்லுநர் பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். கோலூன்றிப் பாய்தலில் தொடக்க உயரத்தையே மூன்று முயற்சிகளிலும் தாண்டாதவருக்குப் பெறுபேறே பதிவாகாது. அப்படித் திரும்பிய பிள்ளையை அங்குள்ள இளம் உதவியாளர் ஒருவர் பகிடி பண்ணியதைக் கேட்டேன். அந்தக் கூடத்துக்கும் தலைமைப் பயிற்றுநர் ஒருநடை வந்துபோக வேண்டும்.

மாதக் கட்டணம் உயர்தர வகுப்பின் இரண்டு பாடங்களுக்கு டியூசனுக்குக் கொடுப்பதற்குச் சமமாக வருகிறது. மாலை நேர இடங்கள் ஜனவரியிலேயே நிரம்பிவிடுகின்றன. பெரும்போட்டிகள் முடிந்த பிறகு ஏப்ரலில் போனால் இடமும் கிடைக்கும், பயிற்றுநர்களுக்குப் பேச நேரமும் இருக்கும். முதல்நாள் அழைத்துச் செல்லும் பெற்றோர் பந்து வீசும் இயந்திரத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னர், கடைசியாகத் தோற்ற போட்டிக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.