ட்ரெயிலர் கொக்கி பூட்ட முன் வாசியுங்க: 185,000 ரூபா போச்சு

மட்டக்களப்புப் பக்கம் வானுக்கோ பஸ்ஸுக்கோ ட்ரெயிலர் கொக்கி பூட்ட நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்க. 185,000 ரூபா. இன்னும் வயிறு எரிகிறது.

எங்களிடம் படுக்கை, குசினி, 200 லீட்டர் தண்ணீர்த் தாங்கி எல்லாம் வைத்து மாற்றிய பழைய மினி பஸ் இருக்கிறது. படகு ஏற்றிய ட்ரெயிலரை அறுகம்பே வரை அதில் இழுக்கலாமா என்று பார்த்துச் சொல்ல, முகநூலில் விளம்பரம் போடும் ஒரு வெல்டிங் கராஜைப் பிடித்தோம். "பரிசோதித்து, கொக்கி பூட்டித் தரப்படும்" என்றுதான் போட்டிருந்தார்கள்.

கராஜ் பாஸ் வயசான மனிதர். டோர்ச்சோடு பஸ்ஸுக்கு அடியில் ஊர்ந்து போய், சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். வெளியே வந்து கையைத் துடைத்தபடி, "ஒண்டுக்கும் யோசிக்காத மனே, ரெண்டு தொன் இழுக்கும்" என்றார். பிளேன்டீயும் வந்தது, அதற்கு மட்டும் காசு எடுக்கவில்லை! முழுக் காசையும் முதலே வாங்கிக்கொண்டார். பஸ் செய்த கம்பனி அடித்த எடைத் தகட்டை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

காத்தான்குடி தாண்டும்போதே பின்பக்கம் குந்திவிட்டது. ஸ்டியரிங் லேசாகி, ட்ரெயிலர் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. களுவாஞ்சிக்குடியில் ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால், கொக்கி நிற்பது கம்பனிச் சேசிஸில் இல்லை, பாடி கட்டியவர்கள் பின்னால் ஒட்டின நீட்டுத் துண்டில். பற்பசை பிதுக்கின மாதிரி வெல்டிங், அதில் நகம் போகிற அளவுக்கு வெடிப்பு. உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள்.

கோல் எடுத்தால் "பாஸ் கொழும்புக்குப் போயிட்டார்". பிறகு "றோட்டுப் பிழை". அப்புறம் "நீங்க கூடப் பாரம் ஏத்திட்டீங்க". வட்ஸ்அப்பில் வெடிப்பின் படம் அனுப்பினால் நீல டிக் மட்டும். பில்லில் பரிசோதனை என்ற சொல்லே இல்லை: "வெல்டிங் வேலை 185,000", அவ்வளவுதான். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு முறைப்பாடு சொல்லியாச்சு.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கோபத்தில் வருகுதில்லை. வாகனமும் ட்ரெயிலரும் சேர்ந்து எவ்வளவு எடை போகலாம் என்று கம்பனி சொல்லும் கணக்கைத் தேடுங்க. அதிலிருந்து ஆட்கள், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றின பஸ்ஸின் எடையைக் கழியுங்க. மிச்சம்தான் இழுக்கலாம், அதுவும் கொக்கி தாங்கும் அளவுக்குள். நெல் ஆலையில் லொறி நிறுக்கும் தராசில் ஏற்றிப் பாருங்க, பின் அச்சைத் தனியாகவும் நிறுங்க. 200 லீட்டர் தண்ணீரே 200 கிலோ! ட்ரெயிலர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும், குறைந்தால் ஆடும், கூடினால் பின்பக்கம் குந்தும். பாரமான ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கேளுங்க. பில்லில் என்ன வேலை என்று எழுதி வாங்காமல் காசு கொடுக்காதீங்க.