பிங் வருது, வேலை நடக்கல: லினக்ஸ் சர்வரில் எந்தக் கருவியின் பேச்சை எப்போது நம்பலாம்?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. கணக்கு, ஸ்டாக், ஏற்றுமதிக் காகிதம் எல்லாம் டெபியன் என்ற லினக்ஸ் வகை போட்ட ஒரே சர்வரில் ஓடுகிறது. போன மே மாதம் மதிய வெயிலில் வேலூரிலிருந்து போய் இறங்கினேன். முதலாளி பாய் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி இது, பிங்கு வருதுன்னு பசங்க சொல்றாங்க, இன்வாய்ஸ் மட்டும் ஏற மாட்டேங்குது. நெட்டு கீதா, இல்லியா?"

நியாயமான கேள்வி. ஆனால் சர்வரில் "நெட் இருக்கு" என்பது ஒற்றை விஷயம் இல்லை. கேபிள், ஐபி முகவரி, ரூட் (போகும் வழி), பெயர்த் தேடல், போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்), பாக்கெட்டின் (தகவலைப் பிரித்து அனுப்பும் துண்டின்) அளவு என்று வரிசையாகக் கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கருவியும் அதில் ஒன்றையோ இரண்டையோ தட்டிப் பார்த்துவிட்டுத் திறந்திருக்கிறது என்று சொல்லும். எது எந்தக் கதவைத் தட்டியது என்று தெரிந்தால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சின்னச் சின்ன ஆபீஸ்களின் சர்வர்களோடு பல வருஷம் புழங்கியதில், ஒரே வேலைக்கு என்று சொல்லப்படும் கருவிகளில் எதை எடுப்பது என்று எனக்கு ஒரு முடிவு வந்திருக்கிறது.

பிங்கா, கர்லா?

பிங்கை 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் சத்தத்தை வைத்து அந்தப் பெயர். ஒரு சத்தம் விட்டு எதிரொலி வருகிறதா என்று கேட்பதுதான் அதன் வேலை. இன்றைக்கும் அதே வேலைதான். அது அனுப்புவது ஐசிஎம்பி என்ற தனி வகைப் பாக்கெட். நம் இன்வாய்ஸ் போவது, முதலில் இணைப்பு ஏற்படுத்திவிட்டுத் தகவல் அனுப்பும் டிசிபி என்ற வேறு முறையில். இதைவிடப் பெரிய வித்தியாசம் அளவில் இருக்கிறது. லினக்ஸில் சும்மா பிங் அடித்தால் போகும் பாக்கெட், தலைப்புகள் எல்லாம் சேர்த்து 84 பைட். ஒரு பிடிஎஃப் ஏறும்போது போகும் பாக்கெட் 1500 பைட் வரை இருக்கும். லாங்கு பஜார் சந்தில் சைக்கிள் போய்விட்டது என்பதற்காகத் தோல் ஏற்றிய லாரியை உள்ளே விட முடியுமா?

பிங் சொல்லும் "இல்லை"யும் அப்படித்தான். பல க்ளவுட் சர்வர்களின் ஃபயர்வாலில் (பாக்கெட்டை வடிகட்டும் காவலில்) ஐசிஎம்பியை நாமே திறந்து விடாதவரை பிங்குக்குப் பதில் வராது, ஆனால் இணையதளம் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். பிங் வரவில்லை என்று அலறிக்கொண்டு நள்ளிரவில் சர்வரை ரீபூட் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

இணைய முகவரியோடு கோப்பை ஏற்றி இறக்கும் கர்ல் அப்படி இல்லை. நம் மென்பொருள் எந்த வழியில் போகிறதோ அதே வழியில் போகும். பெயரைத் தேடும், போர்ட்டில் இணையும், டிஎல்எஸ் என்ற குறியாக்கத்துக்கான கைகுலுக்கலை முடிக்கும், கோப்பைக் கேட்கும். 'மைனஸ் வி' கொடுத்தால் எந்தப் படியில் நின்றது என்று வரிவரியாகக் காட்டும். நின்ற இடத்தில் வரும் பிழைச் செய்தியை ஊன்றிப் படித்தாலே பாதி வேலை முடிந்தது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் பெரும்பாலும் எதிர் மெஷின் வரை போய்ச் சேர்ந்தாயிற்று, அந்தப் போர்ட்டில்தான் யாரும் இல்லை. 'டைம்ட் அவுட்' என்றால் யாரும் பதிலே பேசவில்லை; நடுவில் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம். 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்' என்றால் பெரும்பாலும் வெளியே தேட வேண்டாம், நம் சர்வரிலேயே ரூட் இல்லை. மூன்றையும் "நெட் போச்சு" என்று ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் மணிக்கணக்கு வீணாகிறது.

ஆம்பூர் கதைக்கு வருகிறேன். மாடிப்படிக்குக் கீழே அந்தச் சர்வர் அறை. பசை வாடை. சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் மேலே டேப் ஒட்டி 'பில்லிங்', 'கட்டிங்', 'குடோன்' என்று பேனாவில் எழுதியிருந்தார்கள். கர்லில் ஒரு பிடிஎஃப் ஏற்றிப் பார்த்தேன். இணைந்தது, டிஎல்எஸ் முடிந்தது, ஏற்றம் தொடங்கியது, அப்படியே உறைந்து நின்றது. இறக்குவதில் குறை இல்லை. சின்ன மெயில் போகிறது, பெரியது போகவில்லை. இந்த அடையாளம் கிடைத்ததுமே எம்டியூ (ஒரு லைனில் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு) மேல் சந்தேகம் வர வேண்டும்.

இந்த இடத்தில் பிங்கையே வேறு விதமாகப் பயன்படுத்தலாம். 'மைனஸ் எம் டூ' கொடுத்தால் பாக்கெட்டை வழியில் துண்டாக்கக் கூடாது என்று அர்த்தம். 'மைனஸ் எஸ்' கொடுத்து அளவைச் சொல்லலாம். 1472 போட்டேன். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் சரியாக 1500. பதில் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. 1464 போட்டேன். டக்கென்று வந்தது. வித்தியாசம் 8 பைட். அது பிபிபிஓஈ (ரவுட்டர் லாகின் செய்து லைன் கொடுப்பவரோடு இணையும் முறை) தனக்கென்று எடுத்துக்கொள்ளும் 8 பைட்; அந்த லைனில் 1492க்கு மேல் போகாது. முந்தின நாள்தான் ரவுட்டரை மாற்றியிருந்தார்கள். புது ரவுட்டரில் எம்எஸ்எஸ் (தலைப்புகள் போக ஒரு டிசிபி பாக்கெட்டில் ஏற்றும் தகவலின் உச்ச அளவு) என்பதைக் குறைக்கும் அமைப்பு அணைந்திருந்தது. "பாக்கெட் பெரிசா இருக்கு, குறைச்சுக்கோ" என்று ரவுட்டர் திருப்பி அனுப்பும் செய்தியும் ஐசிஎம்பிதான். யாரோ பாதுகாப்புக்காக என்று சர்வர் ஃபயர்வாலில் பிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐசிஎம்பி எல்லாவற்றையும் தடுத்து வைத்திருந்தார்கள். ரவுட்டர் சொல்கிறது, சர்வர் காதில் விழவே இல்லை. அந்தத் தடையை எடுத்து, ரவுட்டரில் எம்எஸ்எஸை 1452 ஆக்கியதும் தேங்கி நின்ற இன்வாய்ஸ் எல்லாம் ஏறின.

ஆக, வேலை நடக்கிறதா என்று தெரிய கர்ல். ஏன் நடக்கவில்லை என்று துருவ, அளவு கொடுத்த பிங். வெறும் பிங் மட்டும் அடித்துவிட்டு நெட் நல்லா இருக்கு என்று சான்றிதழ் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

ஐஎஃப்கான்ஃபிக், ஐபி

இரண்டும் சர்வரின் நெட்வொர்க் அமைப்பைக் காட்டும் கருவிகள்; முதலாவது பழசு, இரண்டாவது புதுசு. இதில் அதிகம் யோசிக்க எதுவும் இல்லை. 2017இல் வந்த டெபியன் 9 முதலே ஐஎஃப்கான்ஃபிக் தானாக நிறுவப்படுவதில்லை. பழக்கம் விடவில்லை என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். 'ஐபி ரூட் கெட்' என்று அடித்து ஒரு வெளி முகவரியைக் கொடுங்கள். அந்தப் பாக்கெட் எந்தக் கார்டு வழியாக, எந்த கேட்வேக்கு (வெளியே போகும் வாசல் ரவுட்டருக்கு), எந்த முகவரியைச் சொந்த முகவரியாக வைத்துக்கொண்டு போகும் என்று ஒரே வரியில் சொல்லும். நம் பக்கத்துக் கம்பெனிகளில் ஃபைபர் ஒன்று, மாற்று லைன் ஒன்று என்று இரண்டு இணைப்பு வைத்திருப்பது சகஜம். இரண்டுக்கும் டிஃபால்ட் ரூட் (வெளியே போகும் பொதுவழி) விழுந்து, செத்த லைனுக்கு மெட்ரிக் எண் குறைவாக (குறைந்ததற்குத்தான் முன்னுரிமை) இருந்தால், சர்வர் அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். இதை ஐஎஃப்கான்ஃபிக் காட்டவே காட்டாது.

டிக்கா, கெட்என்ட்டா?

பெயர்த் தேடலில்தான் கெட்டிக்காரர்களும் ஏமாறுகிறார்கள். டிக் அருமையான கருவி. ஆனால் அது, பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரை நேரடியாகக் கேட்கும். நம் மென்பொருள்கள் பெரும்பாலும் அப்படிக் கேட்பதில்லை. முதலில், பெயரும் முகவரியும் சர்வரிலேயே எழுதி வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் டிஎன்எஸ்ஸுக்குப் போகும். அந்த முறையிலேயே தேடிக் காட்டுவது 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்'.

ராணிப்பேட்டையில் ஒரு இடத்தில் இரண்டு நாள் இதில் போயிற்று. டிக் அடித்தால் புது முகவரி, மென்பொருள் போவது பழைய முகவரிக்கு. எப்போதோ சர்வர் மாற்றியபோது ஹோஸ்ட்ஸ் கோப்பில் தற்காலிகமாக எழுதிய ஒரு வரி அழிக்கப்படாமல் கிடந்தது. கெட்என்ட் முதலில் அடித்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

உபுண்டுவில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே பெயர் சர்வராக 127.0.0.53 என்று இருக்கும். அது, லினக்ஸின் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் உள்வீட்டு இடைத்தரகர். உண்மையில் எந்த டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது என்று அறிய 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' அடிக்க வேண்டும்.

"நெட் ஸ்லோவா இருக்கு, ஸ்பீடு டெஸ்ட் மட்டும் நல்லா வருது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறப்பது, பெயர் சர்வர்களின் பட்டியல் உள்ள ரிசால்வ் கான்ஃப் கோப்பைத்தான். முதல் வரியில் இருக்கும் பெயர் சர்வர் செத்திருந்தால், லினக்ஸ் 5 நொடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கும். ஒவ்வொரு தேடலுக்கும் 5 நொடி. பில்லிங்கில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு ஒவ்வொரு பில்லுக்கும் அந்தக் காத்திருப்பு. இன்னொன்று: அந்தக் கோப்பில் முதல் மூன்று பெயர் சர்வர் வரிகளுக்குத்தான் மதிப்பு. நாலாவதாக எழுதியதை அது கண்டுகொள்ளாது.

டிரேஸ்ரூட்டா, எம்டிஆரா?

பாக்கெட்டின் ஆயுளை (எத்தனை ரவுட்டர் வரை போகலாம் என்ற எண்ணை) 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு ரவுட்டரிலும் அது சாகும்போது வரும் செய்தியை வைத்து வழியைக் கண்டுபிடிப்பது இரண்டும்தான். டிரேஸ்ரூட் ஒவ்வொரு படிக்கும் மூன்று முறை கேட்டுவிட்டுப் போய்விடும். எம்டிஆர் நின்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அவ்வப்போது விட்டுவிட்டு வரும் பிரச்சினைக்கு எம்டிஆர்தான். நூறு பாக்கெட் அறிக்கை எடுத்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். லைன் கொடுப்பவருக்கு அதை அனுப்பினால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். நடுவில் ஒரு படியில் 60 சதவீதம் இழப்பு, கடைசிப் படியில் பூஜ்யம் என்று இருந்தால் அங்கே பழுது இல்லை. அந்த ரவுட்டர் நம் பாக்கெட்டை ஒழுங்காகக் கடத்திவிடுகிறது, நமக்குப் பதில் சொல்வதில்தான் அளவு வைத்திருக்கிறது. ஒரு படியில் தொடங்கிய இழப்பு கடைசிவரை கூடவே வந்தால்தான் குற்றம். இதைத் தவறாகப் படித்து நானே ஒரு சர்வீஸ் ஆளிடம் கத்தியிருக்கிறேன். அவர் பொறுமையாகத்தான் விளக்கினார்.

டிசிபிடம்ப்

கார்டு வழியாகப் போகும், வரும் பாக்கெட்டுகளை அப்படியே காட்டும் இந்தக் கருவிக்குப் போட்டி கிடையாது. மற்றதெல்லாம் கேட்டுச் சொல்லும், இது கண்ணால் பார்த்தது. ஒரு டெர்மினலில் இதை ஓடவிட்டு, இன்னொன்றில் கர்ல் அடியுங்கள். எஸ்ஒய்என் (இணைப்புக் கேட்கும் முதல் பாக்கெட்) போகிறது, போகிறது, திரும்ப எதுவும் வரவில்லை என்றால் பிரச்சினை வெளியே. எஸ்ஒய்என்னே போகவில்லை என்றால் நம் சர்வரிலேயே ரூட் அல்லது ஃபயர்வால். கற்றுக்கொள்ள ஒரு வாரம் பிடிக்கும். முதலில் பயமாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

ரீபூட்டா, விசாரணையா?

கம்பெனி நின்றுகொண்டிருக்கும்போது ரீபூட் செய்யாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ரீபூட் ஆதாரத்தை அழித்துவிடும். அதனால் ஆம்பூர் பசங்களிடம் ஒரு பழக்கம் கேட்டுக்கொண்டேன்: ரீபூட்டுக்கு முன்னால் 'ஐபி லிங்க்', 'ஐபி ரூட்', கர்ல் 'மைனஸ் வி' மூன்றையும் அடித்து ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள், அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

போன மாதம் காலை ஒன்பது மணிக்கு அந்த ஃபோட்டோ வந்தது. 'ஐபி லிங்க்' காட்டியதிலேயே 'நோ கேரியர்' (கேபிளில் சிக்னல் இல்லை) என்று இருந்தது. நான் பஸ் ஏறவில்லை. "தம்பி, கேபிளைக் கையாலே பிடிச்சு சுவிட்ச் வரைக்கும் போய்ட்டு வா" என்றேன். பீரோவுக்குப் பின்னால் எலி கடித்திருந்தது.